கட்டி வந்தால் முதலில் கையை எடுங்கள்

"சிஸ்டர், இதை இப்போதே பிதுக்கி எடுத்துவிட முடியாதா?"

கட்டுப் போடும் அறையில் நர்ஸாக இருந்த காலம் முழுவதும் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். கேட்பவர் வீட்டில் ஏற்கெனவே முயன்று பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். கட்டியின் இரு பக்கமும் நகத் தடம் பிறை பிறையாகப் பதிந்திருக்கும். சிவப்பு, கட்டியின் எல்லையைத் தாண்டி நாலாபுறமும் ஓடியிருக்கும். நான் கோபித்துக்கொண்டதில்லை. விண்விண்ணென்று தெறிக்கும் இடத்துக்கு விரல் தானாகப் போகத்தான் செய்யும். ஆனால் வெறுமனே "பிதுக்காதே" என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை என்பதையும் அங்கேதான் கற்றேன். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் கை அடங்குகிறது. ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

தோலுக்கு அடியில்

முடி முளைக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் தோல் உள்நோக்கிக் குழிந்து ஒரு மெல்லிய குழாயாக இறங்குகிறது. அதுதான் மயிர்க்கால். அதன் அடி வரை கிருமி போய்ச் சேர்ந்து பெருகினால் கட்டி. மேலோட்டமாக நின்றுவிட்டால் சின்னக் கொப்புளம், அவ்வளவுதான். பெரும்பாலான கட்டிகளுக்குக் காரணம் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. சீழ் கட்டுவது புண் நன்றாக ஆறுவதன் அடையாளம் என்று மருத்துவர்கள் பலர் நூற்றாண்டுக் கணக்கில் நம்பியிருந்தார்கள். 1880-இல் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர், கட்டிகளிலிருந்து எடுத்த சீழை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து இந்தக் கிருமியை அடையாளம் காட்டினார்.

இது எங்கிருந்தோ வந்து தாக்கும் எதிரி இல்லை. ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இதை மூக்குத் துவாரத்தின் உட்புறத்தில் எந்தத் தொல்லையும் இல்லாமல் சுமந்து திரிகிறார். அக்குளிலும் தொடை இடுக்கிலும்கூட இருக்கும். சவரக் கத்தியின் கீறல், சொறிந்த நகம், இறுக்கமான ஆடையின் உரசல், வியர்வையில் ஊறி நைந்த தோல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வழிவிட்டால் போதும், உள்ளே இறங்கிவிடும்.

இறங்கியவுடன் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் அங்கே குவிகின்றன, போரிடுகின்றன, மடிகின்றன. இறந்த அணுக்களும் இறந்த கிருமிகளும் கரைந்த திசுவும் சேர்ந்ததுதான் சீழ். அதே நேரத்தில் உடல் அந்த இடத்தைச் சுற்றி ஒரு தடுப்பைக் கட்டுகிறது. தொட்டால் கல் போலத் தோன்றுவது அந்தத் தடுப்பினால்தான். கிருமியை அங்கேயே சிறை வைக்கும் ஏற்பாடு அது.

இப்போது பிதுக்குவதற்கு வருகிறேன். கட்டியின் மேற்புறம் தடித்த தோல். அடிப்புறம் தளர்ந்த கொழுப்பு. மூடியைத் திறக்காமல் பற்பசைக் குழாயை நெரித்தால் அது பலவீனமான இடத்தில்தான் பிய்த்துக்கொண்டு வரும். பழுக்காத கட்டியை அழுத்தினால் சீழும் அப்படித்தான்: மேலே வராமல் கீழேயும் பக்கவாட்டிலும் போகிறது. உடல் பாடுபட்டுக் கட்டிய தடுப்பை நாமே உடைத்துக் கொடுக்கிறோம். சில நேரம் கிருமி ரத்தத்திலும் கலந்துவிடும். ஊசியால் குத்துவதும் இதே கதைதான். கூடுதலாக ஊசியில் இருப்பதும் உள்ளே போகும்.

கட்டியின் நாட்கணக்கு

முதலில் தோலுக்கு அடியில் சிவந்த, வலிக்கிற, கெட்டியான ஒரு முடிச்சு. சில நாட்களில் பெரிதாகி, நடுவே மெத்தென்று ஆகி, மஞ்சளோ வெள்ளையோ ஆன முனை தெரியும். பழுத்துவிட்டது என்று இதைத்தான் சொல்கிறோம். பிறகு தானாக உடைந்து சீழ் வடியும். நடுவில் கெட்டியாக இருக்கும் முளை வெளியேறியதும் வலி சட்டென்று குறையும். தொடக்கத்திலிருந்து ஆறும் வரை பொதுவாக ஒரு வாரம் முதல் மூன்று வாரம். கழுத்தின் பின்புறம், அக்குள், தொடை இடுக்கு, பிட்டம், தாடி வளரும் இடம் ஆகியவையே இதன் வழக்கமான இருப்பிடங்கள்.

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மயிர்க்கால் கிடையாது. அங்கே சீழோடு வீங்கினால் அது இந்தக் கட்டி இல்லை. குறிப்பாக, உள்ளங்கையிலோ விரலிலோ உள்ள சீழ் தசைநாண்களின் உறை வழியே வேகமாக ஓடக்கூடியது. ஒத்தடம் கொடுத்துக்கொண்டு காத்திராமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒத்தடம்: எளிது, ஆனால் செய்வாரில்லை

சாதாரணக் கட்டிக்கு வீட்டில் செய்யக்கூடிய ஒரே உருப்படியான சிகிச்சை வெந்நீர் ஒத்தடம். "கொடுத்துப் பார்த்தேன் சிஸ்டர், கேட்கவில்லை" என்பவரிடம் எத்தனை முறை என்று கேட்டால், நேற்று இரவு ஒரு தடவை என்பார். ஒரு தடவை கொடுத்த ஒத்தடம் ஒத்தடமே இல்லை. ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு முறை, ஒவ்வொரு முறையும் 10 முதல் 15 நிமிடம், கட்டி உடையும் வரை தினமும். இந்தக் கணக்கை யாராவது ஒழுங்காகச் செய்தால் எங்கள் அறைக்கு வரும் கூட்டம் பாதியாகியிருக்கும் என்று தோன்றும்.

கைகளை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சுத்தமான மெல்லிய பருத்தித் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து கட்டியின்மேல் வையுங்கள். சூடு நன்றாகத் தெரிய வேண்டும், ஆனால் கையை இழுத்துக்கொள்ளத் தோன்றக் கூடாது. துணி இரண்டு மூன்று நிமிடத்தில் ஆறிவிடும். ஆறியதை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் பயனில்லை. மறுபடி நனைத்து வையுங்கள். அழுத்த வேண்டாம், தேய்க்க வேண்டாம், சும்மா வைத்தால் போதும். வெப்பத்தால் ரத்த ஓட்டம் கூடி வெள்ளை அணுக்கள் அதிகமாக வந்து சேரும், சீழ் இளகி மேல்நோக்கி வரும். தொடக்க நிலையிலேயே ஆரம்பித்தால் சில கட்டிகள் பழுக்காமலே அமுங்கிவிடுவதும் உண்டு. முடிந்ததும் தோலை ஒற்றி உலர்த்துங்கள். அந்தத் துணியைத் துவைக்காமல் மறுபடி தொடாதீர்கள், வேறு யாரையும் தொட விடாதீர்கள்.

சர்க்கரை நோயால் உணர்ச்சி மங்கியவர்கள் நீரின் சூட்டைத் தாங்களே சோதிக்கக் கூடாது. வீட்டில் வேறொருவர் கை வைத்துப் பார்க்கட்டும். கட்டிக்குக் கொடுத்த ஒத்தடத்தால் தோல் வெந்து, அந்தப் புண்ணுக்குத் தனியாகக் கட்டுப் போட வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஈரத் துணியை மைக்ரோவேவ் அடுப்பில் வைத்துச் சூடாக்குவதும் வேண்டாம். ஓரம் வெதுவெதுப்பாக இருக்கும்போதே நடுப்பகுதி கொதித்துக் கிடக்கும்.

வலிக்குப் பாராசிட்டமால் போதுமானது. பெரியவர்களுக்கு 500 அல்லது 1,000 மில்லிகிராம், இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் 4,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஈரல் நோய் உள்ளவர்களும் உடல் எடை மிகக் குறைந்தவர்களும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை, வயிற்றுப்புண், சிறுநீரக நோய், கர்ப்பம் உள்ளவர்களுக்கு உகந்ததல்ல.

கட்டியின்மேல் பூசுவதைப் பற்றி ஒரு வார்த்தை. பற்பசை, சாம்பல், கறுப்புக் களிம்பு, பேர் தெரியாத பசை என்று எதை எதையோ சுரண்டி எடுத்த பிறகுதான் அடியில் இருக்கும் கட்டியையே நான் பார்க்க முடிந்திருக்கிறது. ஆன்டிபயாடிக் களிம்புகூட மேலே பூசினால் அந்த ஆழத்துக்கு இறங்காது. சுத்தமாகவும் காலியாகவும் விட்டால் போதும்.

உடைந்த பிறகு

உடைந்தால் பதறாதீர்கள். எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் சீழும் கொஞ்சம் ரத்தமும் வரும், நாற்றம் இருக்கும். தானாக வருவதைச் சுத்தமான காஸ் துணியால் ஒற்றி எடுங்கள். மிச்சத்தை நெரித்து எடுக்கும் ஆசை இப்போது மீண்டும் தலைதூக்கும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். முளை நுனியில் எட்டிப் பார்த்தாலும் இழுக்க வேண்டாம், நேரம் வரும்போது அதுவே நழுவும். சோப்பும் ஓடும் சுத்தமான நீரும் கொண்டு கழுவுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடையோ ஸ்பிரிட்டையோ குழிக்குள் ஊற்றினால் கிருமியோடு சேர்ந்து புதிதாக வளரும் திசுவும் பாதிக்கப்படும். நுரைத்துக்கொண்டு வருவதைப் பார்க்கத் திருப்தியாக இருக்கும் என்பது வேறு விஷயம்.

உலர்ந்த காஸ் வைத்து பிளாஸ்டர் ஒட்டுங்கள். நனைந்தால் உடனே மாற்றுங்கள், நனையாவிட்டாலும் தினமும் ஒரு முறை மாற்றுங்கள். எடுத்த கட்டை ஒரு பையில் போட்டு முடிந்து எறியுங்கள், பிறகு கை கழுவுங்கள். உடைந்த பின்னும் இரண்டு மூன்று நாள் ஒத்தடத்தைத் தொடருங்கள். வாய் முன்கூட்டியே மூடிக்கொண்டால் உள்ளே தங்கிய சீழ் மறுபடி கட்டியாகும். ஆறும் வரை நீச்சல் குளம் வேண்டாம்.

எப்போது வீட்டு வைத்தியத்தை நிறுத்த வேண்டும்

முகத்தில் வந்தால், அதிலும் மூக்கிலோ மேலுதட்டிலோ வந்தால், முதல் நாளே காட்டிவிடுங்கள். அந்தப் பகுதியின் ரத்தக் குழாய்கள் மூளையின் அடியிலுள்ள ரத்தப் பாதைகளோடு தொடர்புடையவை. தொற்று பின்னோக்கிப் பாய வழி உண்டு. ரஷ்ய இசையமைப்பாளர் அலெக்சாந்தர் ஸ்க்ரியாபின் 1915-இல் மேலுதட்டில் வந்த ஒரு கட்டியிலிருந்து ரத்தத்தில் தொற்று பரவி இறந்தார். அப்போது ஆன்டிபயாடிக் இல்லை. இன்று அப்படி நேர்வது அரிது. ஆனாலும் மூக்குக் கட்டியோடு காய்ச்சலும் தலைவலியும் கண் வீக்கமும் சேர்ந்தால் அது அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கான வேலை.

வேறெங்கு வந்திருந்தாலும், காய்ச்சல், குளிர், கட்டியிலிருந்து கிளம்பிச் செல்லும் சிவப்புக் கோடு, வேகமாக அகலும் சிவப்பு ஆகியவை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள். சிவப்பின் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். சில மணி நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் கிளம்புங்கள். கண்ணுக்குத் தெரிவது சிறிதாக இருந்து வலி மட்டும் தாங்க முடியாததாக இருந்தால், தோல் கறுத்தால், மயக்கமோ குழப்பமோ வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். சதையை அழித்துக்கொண்டு பரவும் தொற்று அப்படித்தான் தொடங்கும்.

இவ்வளவு கடுமை இல்லாவிட்டாலும் மருத்துவர் பார்க்க வேண்டியவை சில: இரண்டு வாரமாகியும் ஆறாதது, ஒரே நேரத்தில் பல இடங்களில் வந்தது, ஆசனவாயின் அருகிலோ மார்பிலோ முதுகெலும்பின் மேலோ உள்ளது, கைக்குழந்தைக்கு வந்தது. சர்க்கரை நோயாளிகள், ஸ்டீராய்டு அல்லது புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், செயற்கை இதய வால்வு உள்ளவர்கள் ஆகியோருக்கு எந்தக் கட்டியும் சின்னக் கட்டி இல்லை. அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டியிருந்தால் அது மட்டுமே பயப்படக் காரணமில்லை. உடல் எதிர்த்து நிற்கிறது என்று பொருள். அதோடு காய்ச்சலும் சேர்ந்தால் கவனியுங்கள்.

ராஜபிளவை தனி ரகம். அடுத்தடுத்த மயிர்க்கால்கள் சேர்ந்து, அடியில் ஒன்றாக இணைந்து, மேலே பல கண்களில் சீழ் கசியும். நடுவயது தாண்டியவர்களின் பிடரியில் அதிகம் வரும். இதற்கு ஒத்தடம் போதாது. இதோடு வருபவருக்கு ரத்தச் சர்க்கரை பார்க்காமல் எங்கள் டாக்டர் விடமாட்டார்.

கீறி எடுப்பது எப்படி இருக்கும்

கத்திக்குப் பயந்து ஆன்டிபயாடிக் ஊசி மட்டும் போடச் சொல்லிக் கெஞ்சுபவர்கள் உண்டு. சீழ் தேங்கிய குழிக்குள் ரத்த ஓட்டம் இல்லை. மருந்து ரத்தத்தில்தான் போகிறது. ஆகவே பெரிதாகப் பழுத்த கட்டிக்கு முதல் சிகிச்சை வழி திறந்துவிடுவதுதான். சுற்றிலும் மரத்துப் போகும் ஊசி போடுவார்கள். வீங்கிச் சிவந்த திசுவில் அமிலத்தன்மை கூடியிருப்பதால் அந்த ஊசி வழக்கம்போல முழுமையாக வேலை செய்யாது. கொஞ்சம் வலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது என் பழக்கம். "எறும்பு கடித்த மாதிரிதான்" என்று பொய் சொன்னால் அடுத்த முறை அவர் வரமாட்டார்.

சிறு கீறல், சீழ் வெளியேற்றம், உள்ளே அறை அறையாகத் தடுப்பு இருந்தால் அவற்றைக் கலைத்தல், கழுவுதல். சீழ் வந்த அடுத்த சில விநாடிகளில் அதுவரை இறுகியிருந்த தோள் தளர்வதைப் பார்க்கலாம். தையல் போட மாட்டார்கள். அடியிலிருந்து ஆறிக்கொண்டு வர வேண்டும். பெரிய குழியில் காஸ் நாடா வைப்பதுண்டு. வைத்திருந்தால் சொன்ன நாளில் போய் எடுத்துவிடுங்கள், நீங்களாக உள்ளே எதையும் திணிக்காதீர்கள்.

ஆன்டிபயாடிக் வேண்டுமா என்பது கட்டியின் அளவு, இடம், காய்ச்சல், உங்கள் உடல்நிலை இவற்றைப் பொறுத்து மருத்துவர் முடிவு செய்வது. வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை விழுங்குவதில் எனக்கு இருக்கும் எரிச்சலுக்குக் காரணம் உண்டு. 1928-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்தபோது அவருடைய கிருமி வளர்க்கும் தட்டில் வளர்ந்திருந்தது இந்த ஸ்டஃபைலோகாக்கஸ் இனம்தான். இன்று கட்டி உண்டாக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸில் மிகப் பெரும்பகுதிக்குப் பெனிசிலின் உறைப்பதே இல்லை. அதற்கு மாற்றாக மெத்திசிலின் 1959-இல் வந்தது. 1961-இலேயே அதற்கும் அடங்காத வகை பிரிட்டனில் தென்பட்டுவிட்டது. இத்தனை வேகமாகத் தப்பிக்கக் கற்கும் கிருமிக்கு அரைகுறை மாத்திரை ஒரு பயிற்சி வகுப்பு. எழுதிக் கொடுத்த நாள் வரை சாப்பிடுங்கள். அடிக்கடி கட்டி வருபவரானால், கீறும்போதே சீழை வளர்ப்புப் பரிசோதனைக்கு (கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்ப்பது) அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

மறுபடி மறுபடி வந்தால்

ஒரு கட்டி தற்செயல். ஒரே ஆண்டில் மூன்று நான்கு என்றால் கட்டியை விட்டுவிட்டு மற்றதைத் தேட வேண்டும்.

முதலில் சர்க்கரை. கட்டிக்காக வந்து, சர்க்கரை நோய் இருப்பதைத் தெரிந்துகொண்டு வீடு திரும்பியவர்கள் எங்கள் அறையில் புதிதல்ல. வெறும் வயிற்று அளவு 126 மி.கி./டெ.லி.-ஐ எட்டினாலோ, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதத்தை எட்டினாலோ மருத்துவர் அதையும் சேர்த்துக் கவனிப்பார். ரத்த சோகைக்கும் பார்த்துவிடுவது நல்லது. வீட்டில் எல்லோரும் இரவில் சொறிந்துகொண்டிருந்தால் அது சிரங்காக இருக்கலாம். அதைக் குணப்படுத்தாமல் கட்டியை மட்டும் குணப்படுத்துவது வீண் வேலை.

பிறகு, அது கட்டிதானா என்ற கேள்வி. ஒரே இடத்தில், நடுவில் கறுப்புப் புள்ளியோடு திரும்பத் திரும்ப வீங்குவது தோலடி நீர்க்கட்டியாக இருக்கலாம். பையோடு எடுத்தால்தான் தீரும். பிட்டப் பிளவின் மேல்முனையில் வருவது முடி உள்ளே புதைந்து உண்டாகும் புழையாக இருக்கலாம். அக்குளிலும் தொடை இடுக்கிலும் மாறி மாறி வந்து, தழும்பும் சுரங்கம் போன்ற பாதைகளும் விட்டுச் செல்வது ஹைட்ராடெனைடிஸ் சப்புரடைவா என்ற வேறு நோய். அது தொற்று நோயும் அல்ல, அழுக்கால் வருவதும் அல்ல. பல ஆண்டுகள் கட்டிகளோடு போராடிய கார்ல் மார்க்சுக்கு இருந்தது இதுதான் என்று 2007-இல் ஒரு தோல் மருத்துவப் பேராசிரியர் எழுதினார். இதோடு வாழ்பவர்கள் வெட்கப்பட்டே வருடங்களை ஓட்டுகிறார்கள், நன்றாகக் குளி என்ற அறிவுரையையும் சேர்த்துக் கேட்கிறார்கள். தோல் மருத்துவரைப் பாருங்கள். தனிச் சிகிச்சை இருக்கிறது.

இவை எதுவும் இல்லையென்றால் கிருமி உங்களிடமோ வீட்டிலோ குடியிருக்கிறது. துண்டு, சவரக் கத்தி, உள்ளாடை, படுக்கை விரிப்பு எதையும் பகிராதீர்கள். கட்டி ஆறும் வரை துண்டையும் தலையணை உறையையும் அடிக்கடி மாற்றி, துணி தாங்குமானால் 60 டிகிரி நீரில் துவைத்து, முழுக்க உலர்த்துங்கள். நகத்தை வெட்டுங்கள். மூக்கை நோண்டும் பழக்கத்தைப் பற்றி நான் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் கிருமியின் கிடங்கே அதுதான், விரல்தான் அதன் வாகனம். தாடியோ அக்குளோ சிரைக்கும்போது முடி வளரும் திசையிலேயே சிரையுங்கள், மழுங்கிய கத்தியைத் தூக்கிப் போடுங்கள். கட்டி வந்த இடத்தைச் சில வாரம் சிரைக்காமலே விடுங்கள். வியர்த்த ஆடையோடு உட்கார்ந்திருக்காமல் குளித்து மாற்றுங்கள். உடற்பயிற்சிக் கருவிகளில் உங்கள் துண்டை விரித்து உட்காருங்கள்.

இதற்கும் அடங்காவிட்டால் மருத்துவர் கிருமியைக் களையும் சிகிச்சை தருவார். மூக்கின் உட்புறத்தில் மியூபிரோசின் களிம்பு தினம் இரண்டு வேளை, அதோடு குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த திரவத்தால் உடல் கழுவுதல். பொதுவாக 5 நாள், சில நேரம் கூடுதலாக. திரவம் கண்ணிலும் காதுக்குள்ளும் படக் கூடாது. வீட்டில் வேறு யாருக்கும் கட்டி வந்திருந்தால் எல்லோரும் ஒரே வாரத்தில் செய்ய வேண்டும். ஒருவர் மட்டும் செய்தால் மற்றவரிடமிருந்து திரும்பி வந்துவிடும். துண்டு, விரிப்பு மாற்றமும் அந்த வாரத்தோடு சேர வேண்டும். இதன் பலன் நிரந்தரமில்லை, சில மாதங்களில் கிருமி மீண்டும் குடியேறலாம். அப்போது மிச்சமிருக்கும் களிம்பை எடுத்து நீங்களாகப் பூசத் தொடங்காதீர்கள். மியூபிரோசினுக்கும் அடங்காத கிருமிகள் உண்டு. மறுபடி சீழ்ப் பரிசோதனை செய்து, அந்த முடிவோடு மருத்துவரிடம் போங்கள்.